ஒயருக்குக் காசு... விரலுக்கு?

"உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?"

"சும்மாதாங்க... வீட்லதான் இருக்காங்க!"

இந்தப் பதிலை வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொல்லாத ஆண் தமிழ்நாட்டில் யாராவது இருந்தால், அவருக்கு ஒரு கும்பிடு. அவர் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். இந்த வாரம் உங்களோடு சண்டை போடுவதாக இருக்கிறேன்.

சும்மா இருப்பது என்பது நம் ஊரில் லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஞானிகள் மலை ஏறி, குகையில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் தவம் செய்து அடைந்த நிலை அது. அதை உங்கள் வீட்டம்மா அடுப்படியில் நின்றபடியே அடைந்துவிட்டார் என்கிறீர்கள். சரி, அந்த ஞானி போன சனிக்கிழமை என்ன செய்தார் என்று பார்த்துவிடலாம். நான் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று நீங்கள் சொல்லுங்கள்.

காலையில் இட்லி. எட்டரை மணிக்குத் தட்டில் வந்து விழுந்ததால் அது எட்டு மணிக்குச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை சார். அந்த இட்லி வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. அரிசியைத் தனியாக, உளுந்தைத் தனியாக ஊறப்போட்டு, சாயங்காலம் கிரைண்டரில் உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டி எடுத்து, அப்புறம் அரிசி, அப்புறம் உப்புப் போட்டுக் கையால் கலக்கி, மார்கழிக் குளிராக இருந்தால் பாத்திரத்துக்குத் துணி சுற்றி, சித்திரை வெயிலாக இருந்தால் பொங்கி வழியாமல் நேரம் பார்த்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளி... இத்தனைக்கும் பிறகு காலையில் நீங்கள் எழுதிய விமர்சனம் என்ன?

"இன்னிக்குக் கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கே?"

இதே மாவு தெருமுனைக் கடையில் பாக்கெட்டில் வந்தால் அதற்கு எம்.ஆர்.பி. உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, டெல்லியில் இருந்தவர்களும் மாநில நிதி மந்திரிகளும் கூடி உட்கார்ந்து இட்லி மாவுக்கு எத்தனை சதவிகிதம் வரி என்று பேசினார்கள். கடைசியில் 5 சதவிகிதம் என்று குறைத்தார்கள். அதாவது, கடைக்காரர் ஆட்டினால் அது தொழில், விற்பனை, தேசத்தின் வருமானம். உங்கள் வீட்டில் ஆட்டினால், சும்மா!

சமையல் கதையை இதோடு விடுகிறேன். மத்தியானம் கொத்தவரங்காய் ஆய்ந்ததையும், ரசத்துக்குப் புளி கரைத்ததையும், மூன்று பேருக்கு மூன்று விதமாகக் காரம் போட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தால் பக்கம் போதாது. எனக்குக் கோபம் வந்த இடம் வேறு.

ரெண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு அந்த அம்மா ஒயரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் பாருங்கள், அந்த இடம்.

ஒயர் கூடை பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? டி.வி. பார்த்துக்கொண்டே கை தானாக ஓடுகிற மாதிரி தெரியும். ஆரம்பிக்கும்போது பாருங்கள், அது கணக்குப் பரீட்சை. எத்தனை முடிச்சு அடி, எத்தனை வரிசை உயரம், அதற்கு ஒயரை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது? கொஞ்சம் குறைத்து வெட்டிவிட்டால் மேலே வரும்போது ஒயர் பற்றாது. கூட்டி வெட்டிவிட்டால் வீண். சாதா முடிச்சு ஒரு கணக்கு, பிஸ்கட் முடிச்சு ஒரு கணக்கு, நெல்லிக்காய் முடிச்சு ஒன்று, சிவன் கண் ஒன்று. ரெண்டு கலர் போட்டால் எந்தக் கலர் எந்த வரிசையில் வந்து பூவாக விழும் என்பதைப் பின்னுவதற்கு முன்னாலேயே மனசுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். காகிதம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. முடிச்சை இறுக்கி இறுக்கி ஆள்காட்டி விரலில் தோல் தடித்துப்போயிருக்கும். கைப்பிடி பின்னி முடித்து, மிச்ச நுனிகளை உள்பக்கம் செருகி, கூடையைத் தரையில் வைத்து ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையைக் கட்டடம் கட்டும் இன்ஜினீயரிடம்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர், பொழுதுபோக்கு.

நீங்கள் ஏழு மணி நேரம் சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்தால் அதுவும் பொழுதுபோக்கு. அந்த ஏழு மணி நேரத்தில் பத்து வருஷம் உழைக்கிற ஒரு கூடையில் பாதியைப் பின்னி வைத்தால் அதுவும் பொழுதுபோக்கு. என்ன நியாயம் சார் இது?

கூடை முடிந்ததும் எதிர்வீட்டம்மா வருவார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அழகா இருக்குடி... எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். ஒயர் காசு குடுத்துடறேன்!"

இந்த வாக்கியத்தைத்தான் நான் கூண்டில் ஏற்றுகிறேன். *ஒயர் காசு குடுத்துடறேன்.* கேட்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஓசியில் வாங்கக் கூடாது என்ற நேர்மையில்தான் சொல்கிறார். ஆனால் அந்த நேர்மைக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஒயர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நாலு மத்தியானமும் பத்து விரலும் தெரியவில்லை. ஒயருக்கு விலை உண்டு, விரலுக்கு இல்லை!

இதே எதிர்வீட்டம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது டெய்லர் கேட்டதை எண்ணி வைத்துவிட்டு, சொன்ன தேதிக்குத் தராவிட்டாலும் ரெண்டு நடை நடக்கிறார். அவரிடம் போய் "நூல் காசு மட்டும் வாங்கிக்கங்க" என்று சொல்வாரா? சொன்னால் டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாதிரிப் பார்ப்பார். கடை வாசலில் ஒரு போர்டு தொங்கினால் அது கூலி. வீட்டு வாசலில் கோலம் இருந்தால் அது உதவி.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். கேரி பேக் போச்சு. பரணில் கிடந்த ஒயர் கூடையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் காய்கறி வாங்கப் போனார்கள். (ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று குதர்க்கம் பேசாதீர்கள். உங்கள் பாட்டி வைத்திருந்த கூடை இன்னும் கிழியவில்லை.) சுற்றுச்சூழல் பற்றி மேடையில் பேசினவர்களுக்குப் பொன்னாடை விழுந்தது. அந்தக் கூடையைப் பின்னி வைத்தவர்களுக்கு?

சரி, சாயங்காலத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தை பையன் வீட்டுக் கிரகப்பிரவேசம். கிஃப்ட் வாங்க வேண்டும். "நீயே பார்த்து ஏதாவது வாங்கிடு" என்று ரெண்டு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினீர்கள். உங்கள் பங்கு முடிந்தது.

அந்த 'ஏதாவது' என்ற வார்த்தைக்குள் எத்தனை கணக்கு இருக்கிறது என்று தெரியுமா உங்களுக்கு?

அவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்தார்கள் என்பது முதல் கணக்கு. மொய் நோட்டில் பணம்தான் இருக்கும். குக்கர் கொடுத்தது, அது எத்தனை லிட்டர், வாங்கும்போது என்ன விலை இருந்திருக்கும் என்பதெல்லாம் அந்த அம்மா தலைக்குள்தான் இருக்கிறது. அதைவிடக் குறைந்தால் உங்கள் அத்தை பேசுவார். ரொம்பக் கூடினால், "காட்டிக்கிறாங்க" என்று அதற்கும் பேசுவார். சுவர்க் கடிகாரம் கூடாது. புது வீட்டுக்கு ஏற்கெனவே ஆறு கடிகாரம் வந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். பிள்ளையார் படமும் அப்படியே. அத்தை பையனின் மனைவிக்கு என்ன தேவை? போன பொங்கலுக்குப் போனபோது அவர் சமையலறையில் இடியாப்பச் சட்டி ஓட்டையாக இருந்தது. இதை யார் கவனித்தது? நீங்களா? நீங்கள் ஹாலில் அரசியல் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

ரங்கநாதன் தெரு மாதிரி ஒரு நெரிசலில், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை. நாலு கடை ஏறி இறங்கி, பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்து, அடியைத் தடவிப் பார்த்து, எடை போடச் சொல்லி, பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய் குறைத்து வாங்கினார். அந்த நூற்றைம்பதில் உங்களுக்குப் பிடித்த பக்கோடாவும் வந்தது.

கடைசியாகப் பெயர் வெட்டுகிற இடம். 'டர்ர்ர்'ரென்று அந்தச் சின்ன மெஷின் ஓடுகிறது. "என்ன பேர் போடணும்மா?" என்று கேட்கிறார் வெட்டுகிறவர். அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்கிறார்: உங்கள் இனிஷியல், உங்கள் பெயர், கீழே 'குடும்பத்தார்'.

நினைவு வைத்திருந்தது அவர், தேர்ந்தெடுத்தது அவர், பேரம் பேசியது அவர், தூக்கி வந்தது அவர். பாத்திரத்தில் நிற்பது நீங்கள். அவர் அந்தக் 'குடும்பத்தார்' என்ற கூட்டத்துக்குள் எங்கோ பின்வரிசையில் நிற்கிறார். மொய் எழுதுகிற இடத்திலும் இதே கதைதான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நாலு மத்தியானம் பின்னிய அந்தச் சிவன் கண் கூடை வீட்டில்தான் இருக்கிறது. கடைப் பாத்திரத்தைவிட அழகு, கடைப் பாத்திரத்தைவிட உழைப்பு. அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக் கொடுத்திருந்தால் கிரகப்பிரவேச வீடே திரும்பிப் பார்த்திருக்கும். கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வரும்? "அய்யய்யோ, கையால போட்டதைப் போய் எப்படிக் குடுக்கறது? ஒரு மாதிரி நினைப்பாங்க."

கையால் போட்டதைக் கொடுத்தால் கௌரவக் குறைச்சல்! அதனால் நவராத்திரிக்கு வீடு வீடாக ரவிக்கைத் துணி சுற்றி வருகிறது. யாரும் தைப்பதில்லை. இந்த வருஷம் நீங்கள் கொடுத்தது மூன்று வருஷம் கழித்து உங்களிடமே வந்து சேரலாம். யாருக்கும் வேண்டாத பொருளுக்கு விலைச்சீட்டு இருப்பதால் அது பரிசு. எல்லோரும் ஆசைப்படும் பொருளுக்குச் சீட்டு இல்லாததால் அது கைவேலை. ஆனால் அதே கூடையை மகளிர் சுய உதவிக் குழுக் கண்காட்சியில் ஒரு மேஜை மேல் வைத்து, விலை எழுதி ஒட்டிவிட்டால், "எவ்ளோ நீட்டா பண்ணியிருக்காங்க பாரு" என்று பர்ஸைத் திறக்கிறோம். 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்த அந்தக் குழுக்கள் செய்த பெரிய காரியங்களில் இதையும் சேர்ப்பேன். கடன் வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், கைக்கு ஒரு விலைச்சீட்டும் ஒட்டிக் கொடுத்தார்கள்.

"எல்லாத்துக்கும் விலை போடச் சொல்றீங்களா? அன்புக்கு விலை உண்டா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். ஐயா, உங்கள் வேலையும் உங்களுக்குப் பிடித்துத்தானே செய்கிறீர்கள்? ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தால், "வேண்டாம், நான் இந்தக் கம்பெனி மேல அன்பு வெச்சிருக்கேன்" என்று திருப்பிக் கொடுத்ததுண்டா? கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டர் அன்பு இல்லாமலா பாயசம் கிண்டுகிறார்? அன்பும் கூலியும் ஒரே இலையில் உட்காராது என்று யார் சொன்னது?

விலையே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. போட்டிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? விபத்து வழக்கில்!

மனைவி சாலை விபத்தில் இறந்து, கணவரும் பிள்ளைகளும் இழப்பீடு கேட்டு நிற்கும்போதுதான், "இந்த அம்மா வீட்டில் செய்த வேலைக்கு என்ன மதிப்பு?" என்று இந்த நாடு முதல் தடவையாகக் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு உத்தேச வருமானம் வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்றது. மனைவி என்றால், சம்பாதிக்கும் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. 15,000-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 41 ரூபாய். இட்லி, ரசம், கூடை, கிஃப்ட், குழந்தைக்கு ஹோம் ஒர்க் எல்லாம் சேர்த்து.

1989-ல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாப் பந்தல் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளின் வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு போட்டது. 2010-ல் இன்னொரு விபத்து வழக்கில் நீதிபதி ஏ.கே.கங்குலி கோபப்பட்டே எழுதினார். சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்க்கும் பெண்களை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து 'வேலை செய்யாதவர்கள்' பட்டியலில் வைத்திருந்ததை அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார். கோர்ட்டுகள் மெதுவாகவாவது நகர்கின்றன. நம் நாக்குதான் நகர மாட்டேன் என்கிறது. 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்து, அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயரும் வைத்தார்கள். டீக்கடைகளில் கேட்டது என்ன? "சும்மா இருக்கறவங்களுக்கு ஓசியில ஆயிரம்!"

பிகு என்று ஓர் ஆங்கிலேயப் பொருளாதார மேதை. (பிகு பண்ணாமல் உண்மையைச் சொன்னவர்!) 1920-ல் வெளிவந்த புத்தகத்தில் அவர் ஒரு வேடிக்கையைக் காட்டினார். ஒருவர் தன் வீட்டு வேலைக்கு வைத்திருந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். நேற்று வரை செய்த அதே சமையல், அதே துணி. ஆனால் நேற்று சம்பளம் இருந்தது, இன்று தாலி இருக்கிறது. கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டார்! நூறு வருஷம் தாண்டிவிட்டது, அந்த வேடிக்கை இன்னும் தொடர்கிறது. இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. சொந்த வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறீர்கள் இல்லையா? வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு அதைத் தேசிய வருமானத்தில் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டு நாலு சுவரும் நாட்டுக்கு உழைக்கிறது. சுவருக்குள் நிற்பவர் மட்டும் சும்மா இருக்கிறார்.

எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதையும் அரசாங்கமே அளந்திருக்கிறது. 2024-ல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அட, ஒன்றரை மணி நேரம் செய்கிறோமே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதீர்கள். இது வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. ஆண்களில் நாலில் ஏறக்குறைய மூன்று பேர் அந்த வேலைப் பக்கமே வராததால் அந்தச் சராசரியிலும் வரவில்லை!

அம்மாக்களே, அக்காக்களே, உங்களையும் விடுவதாக இல்லை. "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "நான் சும்மா வீட்லதாங்க" என்று முதலில் சொல்வது நீங்கள்தான். கூடையை யாராவது பாராட்டினால், "பொழுது போகலை, அதான்" என்று நீங்களே அதன் கழுத்தைத் திருகுகிறீர்கள். ஒயர் காசு மட்டும் கொடுக்கிற எதிர்வீட்டம்மாவும் உங்களில் ஒருவர்தான். இனிமேல் கேட்டால் ஒயர் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்றால் கூலியில் பாதி குறைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் குறையுங்கள். முகம் சுருங்கினால் சுருங்கட்டும். டெய்லரைப் பார்த்து யாரும் முகத்தைச் சுருக்குவதில்லை.

2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2027-ல் நடத்துவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். கணக்கெடுக்க வருகிறவர் உங்கள் வீட்டு வாசலில் நின்று, "இவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்கும்போது, உள்ளேயிருந்து வேகமாக வந்து நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள் சார். அவரைச் சொல்ல விடுங்கள். அவர் சொல்கிற பதில் எந்தக் கட்டத்துக்குள் அடங்கும் என்று அந்த ஊழியர் தலையைச் சொறியட்டும். நாடு முழுக்கச் சொறிந்தால்தான் கட்டத்தை மாற்றுவார்கள்.

அதற்கு முன்னால் எப்படியும் ஒரு விசேஷம் வரும். இந்தத் தடவை பாத்திரக் கடைக்கு நீங்களும் கூடவே போங்கள். பையைத் தூக்குவதற்காகவாவது. பெயர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். ஒரு துண்டுக் காகிதம் வாங்கி எழுதிக் கொடுங்கள். முதலில் அவர் பெயர். இடம் இருந்தால் பக்கத்தில் உங்கள் பெயர். இல்லாவிட்டால், 'குடும்பத்தார்' இருக்கிறது. அதற்குள் நீங்கள் இருந்துகொள்ளுங்கள்.